யார் பேரில் வாங்குவது

என் வீட்டுக்காரர் ஜம்புநாதன் கரப்பான்பூச்சியைக்கூட அடிக்க மாட்டார். ஒரு பேப்பரில் ஏந்திக்கொண்டு போய் பின்பக்கப் புல்லில் விட்டுவிட்டு வருவார். அப்படிப்பட்ட மனுஷர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை காபியை உறிஞ்சிக்கொண்டே, "ஷ்யாமளா, ஒரு ரைபிள் வாங்கலாம்னு பாக்கறேன்" என்றால் எனக்கு எப்படி இருக்கும்?

"என்னது?"

"ரைபிள். லாங் ரேஞ்ச். பெரிய காலிபர். ஒரு மைல் தள்ளி இருக்கறதைக்கூட அடிக்கலாம்."

"ஒரு மைல் தள்ளி நமக்கு யாருன்னா விரோதி? நாம கறிகாய் வாங்கற கடைதானே இருக்கு?"

அவர் சிரிக்கவில்லை. லேப்டாப்பை என் பக்கம் திருப்பினார். எக்ஸெல் ஷீட். எங்கள் வீட்டில் மிக்ஸி வாங்கினாலும் மெத்தை வாங்கினாலும் இந்த ஷீட் இல்லாமல் நடக்காது. எடை, காலிபர், தோளில் உதைக்கிற அளவு, ரிவ்யூ, எல்லாவற்றுக்கும் ஒரு பத்தி. கடைசிப் பத்திக்கு 'ஷ்யாமளா கமெண்ட்ஸ்' என்று தலைப்புப் போட்டுக் காலியாக விட்டிருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் சட்டென்று வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. காரணம் மேலே, மாடி அறையில் இருந்தது.

மானஸா எங்களுக்கு ஒரே பெண். கணக்கு மேஜர், மூன்றாம் வருஷம். போன அக்டோபரில் யூனிவர்சிட்டியிலிருந்து போன் வந்தது, உங்கள் பெண் இந்த செமஸ்டர் லீவ் எடுத்துக்கொள்வது நல்லது, வந்து அழைத்துக்கொண்டு போங்கள் என்று. இவர் அன்றைக்கே ஃப்ளைட் ஏறிப் போய் டெக்ஸஸில் நாங்கள் இருக்கிற ரவுண்ட் ராக்குக்குக் கூட்டிக்கொண்டு வந்தார். அன்றிலிருந்து கதவு சாத்தியபடி இருந்தது. தட்டை வாசலில் வைத்தால் பாதி சாப்பிடுவாள். வியாழக்கிழமைகளில் கவுன்சிலரோடு வீடியோ கால் உண்டு. என்ன பேசுகிறாள் என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை. ஊருக்கு, "மானஸா ரிமோட்ல இன்டர்ன்ஷிப் பண்றா" என்று சொல்லி வைத்திருந்தோம்.

இந்தக் கதைக்குள் துப்பாக்கியைக் கொண்டு வந்தது பிச்சுமணி. இவரோடு வேலை பார்க்கிறவன். ஸ்ரீரங்கத்துக்காரன், ஏகாதசிக்கு அரிசி தொட மாட்டான், ஆனால் ஆத்தில் அரை டஜன் துப்பாக்கி வைத்திருக்கிறான். ஒரு உயிரைக்கூடச் சுட்டதில்லை. இரும்புத் தட்டைத் தொங்கவிட்டு அதைத்தான் சுடுவான். ஆயுத பூஜையன்று எல்லாவற்றையும் வரிசையாக வைத்து சந்தனம் குங்குமம் இட்டு போட்டோ அனுப்புவான், பார்த்து நாங்கள் சிரிப்போம். ஜனவரியில் ஒரு சனிக்கிழமை லானோ என்ற ஊரைத் தாண்டி, துப்பாக்கி சுடப் பழகுகிற ரேஞ்சுக்கு இவரையும் வரச் சொன்னான். இவர் ஷூ மாட்டும்போது மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்டது. மானஸா, ஜாக்கெட் போட்டுக்கொண்டு, "கேன் ஐ கம்?" என்றாள்.

சாயங்காலம் திரும்பி வந்தவள் சமையலறை மேடையில் ஏறி உட்கார்ந்தாள். நான் தோசை வார்க்க வார்க்கச் சாப்பிட்டாள். பேச ஆரம்பித்தாள். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, குண்டு போகப் போக எவ்வளவு கீழே இறங்கும், வெயில் ஏறினால் கணக்கு எப்படி மாறும் என்று கையை ஆட்டி ஆட்டி. அவள் மனக்கணக்காகச் சொன்னதும் பிச்சுமணியின் ஆப் சொன்னதும் ஒன்றாக இருந்ததாம். ட்ரிகரை அழுத்தினால் கொஞ்ச நேரம் ஒன்றுமே கேட்காதாம், அப்புறம் தூரத்துத் தட்டிலிருந்து மெல்லிசாக ஒரு 'டிங்' வருமாம். "அம்மா, அந்த வெயிட்டிங் டைம்ல என் தலைக்குள்ள ஒண்ணுமே இல்ல. க்வயட்" என்றாள். நான் அடுப்புப் பக்கமே திரும்பி நின்றுகொண்டேன். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. என் பெண் பேசுகிறாள், வேறென்ன வேண்டும்!

அதன் பிறகு ஒன்று விட்டு ஒரு சனிக்கிழமை போனார்கள். சுடுவது பிச்சுமணியின் பெரிய ரைபிளில். இப்போது அந்த பிச்சுமணிக்கு டாலஸ் பக்கம் மாற்றல், ஆலனில் வீடு பார்த்துவிட்டான். ரைபிளும் அவனோடு போகும். அதனால்தான் இவருக்கு இந்த யோசனை.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் குடும்பத்தில் கெட்டதை வாயால் சொல்ல மாட்டோம். அரிசி தீர்ந்துவிட்டது என்று சொல்லக் கூடாது, நிறைந்திருக்கிறது என்று சொல்ல வேண்டும். விளக்கை அணைக்கக் கூடாது, குளிர வைக்க வேண்டும். வீட்டுக்குள் அஸ்து தேவதைகள் சுற்றிக்கொண்டே இருக்குமாம். நாம் எதைச் சொன்னாலும் "அப்படியே ஆகட்டும்" என்று சொல்லிவிடுமாம். நான் சாஃப்ட்வேர் டெஸ்டிங்கில் இருபது வருஷமாகக் குப்பை கொட்டுகிறேன். எது எங்கே உடையும் என்று யோசிப்பதுதான் எனக்குச் சம்பளம். ஆனாலும் வீட்டுக்குள் நுழைந்துவிட்டால் நாக்கு கட்டிவிடும்.

எனக்குப் பயம் எதுவென்று எனக்குத் தெரியும். அக்டோபரில் யூனிவர்சிட்டிக்காரர்கள் சுற்றி வளைத்துச் சொன்னதிலேயே தெரியும். அந்த மாதிரி இருக்கிற பெண் தூங்குகிற வீட்டுக்குள் துப்பாக்கியைக் கொண்டு வருவதா? ஆனால் அந்தத் துப்பாக்கிதானே அவளை அறையை விட்டு வெளியே கொண்டு வந்தது? வாங்காவிட்டால் கதவு மறுபடி சாத்திக்கொள்ளுமா? வாங்கினால்? இந்த இரண்டாவது கேள்வியை முழுசாக மனசுக்குள் சொல்லிக்கொள்ளக்கூட எனக்குத் தைரியம் இல்லை. அதனால் வாயில் வந்த வேறு காரணத்தை எல்லாம் சொன்னேன்.

"இவ்ளோ வெயிட்டா இருக்கே, உங்க முதுகு என்னத்துக்கு ஆகும்?"

"படுத்துண்டுதான் சுடணும். முதுகுக்கு ஒண்ணும் ஆகாது."

"நம்ம காலனி சங்கம், அந்த ஹெச்.ஓ.ஏ-ல ஒத்துப்பாளா?"

"டெக்ஸஸ்ல அதெல்லாம் கேக்க மாட்டா."

"எங்க வெப்பேள்? பூட்டற அலமாரி ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. வெள்ளிக் குத்துவிளக்குக்குப் பக்கத்துல துப்பாக்கியா? நன்னா இருக்கே!"

"தனியா ஒரு சேஃப் வாங்கிடறேன். அதைத் திறக்கற நம்பர் கோடு எனக்கு மட்டும்தான் தெரியும்."

"எனக்குக்கூடச் சொல்ல மாட்டேளா?"

"உனக்குக்கூட."

ஏன் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. லேப்டாப்பை மூடிவிட்டுக் குப்பைத் தொட்டியை வெளியே தள்ளிக்கொண்டு போனார். அன்றைக்குக் குப்பை எடுக்கிற நாளே இல்லை.

அந்த வாரம் முழுக்க நான் பைத்தியம் மாதிரி இருந்தேன். திங்கட்கிழமை மானஸா தானே கீழே வந்து காபி போட்டுக்கொண்டாள். வாங்கிவிடலாம் என்று முடிவு பண்ணினேன். செவ்வாய்க்கிழமை மதியம் வரை கதவு திறக்கவில்லை. வேண்டவே வேண்டாம் என்று முடிவு பண்ணினேன். என் சிநேகிதி ஸ்வர்ணாவுக்கு போன் பண்ணினேன். அவள் வீட்டிலும் துப்பாக்கி உண்டு. "கைரேகை வெச்சாத்தான் திறக்கற பாக்ஸ் இருக்கு, ஒண்ணும் பயம் இல்லடி" என்றாள். அவளிடம் மானஸாவைப் பற்றிச் சொல்லிவிடலாம் என்று நாக்கு நுனி வரை வந்தது. "மானஸா எப்படி இருக்கா?" என்று அவளே கேட்டாள். "ஓ, பிஸி. மீட்டிங் மேல மீட்டிங்" என்று அளந்துவிட்டு போனை வைத்தேன். என் மேலேயே எனக்கு எரிச்சல் வந்தது.

புதன்கிழமை இவர் பொறுமை இழந்தார். "ஒரு நாள் சரிங்கற, ஒரு நாள் வேண்டாங்கற. எதுன்னு சொல்லேன்!"

"எனக்குத் தெரியலைன்னா! தெரிஞ்சா சொல்ல மாட்டேனா? என்னைப் போட்டு ஏன் பிராணனை வாங்கறேள்?" என்று கத்தினேன். கையிலிருந்த கரண்டி சிங்க்கில் போய் விழுந்தது. மாடியில் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. இரண்டு பேரும் சட்டென்று வாயை மூடிக்கொண்டோம்.

வெள்ளிக்கிழமை மானஸா கீழே வந்தாள். ஃப்ரிட்ஜைத் திறந்து, ஒன்றும் எடுக்காமல் மூடினாள். "டிட் யூ கைஸ் டிசைட்?" என்றாள். அக்டோபருக்குப் பிறகு, ரேஞ்சுக்கு வரட்டுமா என்றதைத் தவிர, அவள் எங்களிடம் எதையும் கேட்டதில்லை. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு இன்னும் முடிவு பண்ணவில்லை என்று சொல்ல எந்தத் தாயாரால் முடியும்? "நாளைக்குப் போய்ப் பாக்கலாம்" என்றேன்.

மறுநாள் காலை இவர் குளித்துவிட்டு வந்து பஞ்சாங்க ஆப்பைப் பார்த்தார். முகம் மாறியது. "எனக்கு சந்திராஷ்டமம்" என்றார்.

"அப்போ இன்னொரு நாள் போலாம்." எனக்கு உள்ளுக்குள் நிம்மதியாகத்தான் இருந்தது.

"குழந்தை ரெடியாயிட்டா. உன் பேர்ல வாங்கிட்டாப் போச்சு. உன் பேர்ல வாங்கின எதுதான் நிலைக்கலை சொல்லு?"

வீடு என் பேரில், இரண்டு காரும் என் பேரில். பணம் அவர் கட்டுவார், கையெழுத்து நான் போடுவேன். எங்களுக்கு அது பழகிப்போன விஷயம். துப்பாக்கிக்கும் அப்படியே செய்யலாம் என்று நெற்றியில் விபூதி இட்டுக்கொண்டு கிளம்பினோம். அறிவாளிகள்!

அந்தக் கடை ஒரு கல்யாண மண்டபம் அளவு இருந்தது. சுவரெல்லாம் மான் தலை. கவுண்டருக்குப் பின்னால் டேல் என்று பேட்ஜ் போட்ட ஒருவர், மூக்குக் கண்ணாடியைக் கயிற்றில் மாட்டித் தொங்கவிட்டுக்கொண்டு நின்றார். ரைபிளை எடுத்துக் கவுண்டர் மேல் வைத்தார். நீளமாக, கறுப்பாக இருந்தது. மானஸா அதன் பக்கத்தில் போய் நின்று அவரிடம் ஏதேதோ கேட்டாள். அவரும் உற்சாகமாகப் பதில் சொன்னார். அவள் கண்ணில் இருந்த வெளிச்சத்தை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். வாங்கிவிடலாம், என்ன ஆகிவிடப்போகிறது என்று தோன்றியது. அடுத்த நிமிஷமே அவள் கையை அதன் மேலிருந்து பிடுங்கி எடுக்க வேண்டும் போலவும் இருந்தது.

"யார் வாங்குகிறீர்கள்?" என்று டேல் கேட்டார்.

இவர் கார்டை எடுத்து நீட்டினார். "பே பண்றது நான். ஆனா என் ஒய்ஃப் பேர்ல போட்டுடுங்கோ. சுடப்போறது என் டாட்டர்" என்று இங்கிலீஷில் கடகடவென்று சொன்னார்.

டேல் கார்டைத் தொடவில்லை. மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். யார் நிஜமாக வாங்குகிறாரோ அவர்தான் கையெழுத்துப் போட வேண்டும் சார், ஒருத்தருக்காக இன்னொருத்தர் போடுவது ஃபெடரல் குற்றம் என்றார். பணம் கொடுப்பது நீங்கள் என்றால் நீங்கள் ஏன் போடக் கூடாது என்று கேட்டார்.

இவர் இக்கட்டில் மாட்டிக்கொண்டு, "இன்னிக்கு மூன் என்னோட எய்ட்த் ஹவுஸ்ல இருக்கு" என்றார்.

டேல் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். இருபது வருஷமாக இந்தக் கவுண்டரில் நிற்கிறேன், இப்படி ஒரு காரணம் கேட்டதில்லை என்றார். கோபமாகச் சொல்லவில்லை. நாளைக்கு நிலா நகர்ந்த பிறகு வாருங்கள் என்றார். எனக்குப் பூமிக்குள் போய்விடலாம் போல் இருந்தது.

"ஐ'ல் டூ இட்" என்றாள் மானஸா. இருபத்தொரு வயது ஆகிவிட்டது, சம்மரில் சம்பாதித்த பணம் அவள் அக்கவுண்டில் இருக்கிறது, சுடப்போவதும் அவள்தான். டேல் அவளிடம் ஒரு ஃபாரமும் பேனாவும் கொடுத்துவிட்டுப் பக்கத்துக் கஸ்டமரிடம் போனார்.

பேரை எழுதினாள். அட்ரஸ் எழுதினாள். நான் அவள் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். வரிசையாகக் கேள்விகள், ஆமாம் இல்லை என்று கட்டம். ஜெயிலுக்குப் போயிருக்கிறாயா, போதை மருந்து உண்டா என்று ஒவ்வொன்றாக டிக் அடித்துக்கொண்டே வந்தாள். மனநோய்க்காக எந்த ஆஸ்பத்திரியிலாவது கட்டாயமாகச் சேர்க்கப்பட்டிருக்கிறாயா என்று ஒரு கேள்வி. பேனா நின்றது.

"நோ போடு" என்றேன். அவள் எழுதவில்லை. "என்னடி யோசிக்கற? அதெல்லாம் ஒண்ணும் இல்லையே. நோ போடு. சீக்கிரம்."

"இட் இஸ் நோ, அம்மா. எனக்குத் தெரியும் அது நோ." பேனாவைக் கீழே வைத்தாள். "அதுக்காக நான் ஸ்டாப் பண்ணலை. இவங்க கேக்கறாங்க. யாருன்னே தெரியாத பீப்பிள், ஒரு பேப்பர்ல இவ்வளவு கேக்கறாங்க. நீ கேக்கவே இல்ல. அப்பாவும் கேக்கல. ஸின்ஸ் அக்டோபர்."

"என்னத்தைக் கேக்கணும்?"

"யூ நோ வாட்."

இவர் தொண்டையைக் கனைத்து, "மானஸா, இங்க வேண்டாம்டா, கார்ல போய்..." என்றார். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். சுற்றிலும் மான் தலைகள். யாரோ பேபி ஸ்ட்ரோலரைத் தள்ளிக்கொண்டு போனார்கள். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. எத்தனை மாசமாக அந்தக் கேள்வியைச் சுற்றிக்கொண்டே வந்திருக்கிறேன்! எடை, ஹெச்.ஓ.ஏ, வெள்ளி விளக்கு, சந்திராஷ்டமம்! கவுண்டர் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

"உனக்கு... உயிரோட இருக்க வேண்டாம்னு தோண்றதாடா, கண்ணா?"

சொல்லிவிட்டேன். ஒன்றும் இடிந்து விழவில்லை. பில் போடுகிற மிஷின் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது.

"சம்டைம்ஸ்" என்றாள் என் பெண். "அக்டோபர்ல டெய்லி. இப்போ சம்டைம்ஸ். இன்னிக்கு இல்ல." ஃபாரத்தைத் தள்ளி வைத்துவிட்டு, "ரேஞ்ச்ல எனக்குத் தோணினதே இல்ல. பட் ரூம்ல தோணும். ஸோ இது வீட்டுல வேண்டாம், அம்மா. எனக்கு வேணும்தான். ரொம்ப வேணும். பட் நான் தூங்கற வீட்டுல வேண்டாம். நீங்களே வேண்டாம்னு சொல்லுவீங்கன்னு வெயிட் பண்ணினேன். நீங்க ஸ்ப்ரெட்ஷீட் போட்டீங்க" என்றாள்.

இவர் கவுண்டரில் கையை ஊன்றிக்கொண்டு குனிந்துவிட்டார். "எனக்கும் அதே பயம்தான்டா. அதான் சேஃப் கோடு யாருக்கும் சொல்ல மாட்டேன்னேன்" என்றார். அவ்வளவுதான், தோள் குலுங்க ஆரம்பித்தது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் அழுது நான் பார்த்ததில்லை. அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும், பெண்ணுக்கும் தெரியும். ஒரே வீட்டில் மூன்று பேரும் தனித்தனியாக இதைச் சுமந்துகொண்டு இருந்திருக்கிறோம். சனியன் பிடித்த வாய்! எனக்கு என் மேலேயே வந்த கோபத்துக்கு அளவில்லை. மானஸாவைக் கட்டிக்கொண்டேன். எலும்பாக இருந்தாள்.

டேல் திரும்பி வந்தார். எங்களைப் பார்த்தார். ரைபிளை எடுத்து உள்ளே வைத்துவிட்டு, ஃபாரத்தை மடித்துக் கிழித்துப் போட்டார். பக்கத்து மேஜையிலிருந்து டிஷ்யூ பெட்டியை எடுத்து எங்கள் பக்கம் நகர்த்தினார்.

பார்க்கிங்கில் காருக்குள் உட்கார்ந்தபடியே கவுன்சிலருக்கு போன் போட்டோம், மூன்று பேருமாக. அன்றைக்கே சாயங்காலம் பேச நேரம் கொடுத்தாள். வீட்டில் என்னென்ன பூட்டி வைக்க வேண்டும், எப்போது யாரைக் கூப்பிட வேண்டும் என்று நாங்கள் இரண்டு பேரும் அன்றைக்குத்தான் முதல் தடவை கேட்டுத் தெரிந்துகொண்டோம். ரைபிள் விஷயமும் தீர்ந்தது. ஒன்று விட்டு ஒரு சனிக்கிழமை ஆலனுக்குப் போகிறோம். போக மூன்று மணி நேரம், வர மூன்று மணி நேரம். பிச்சுமணி அந்த ஊர் ரேஞ்சில் தன் ரைபிளோடு காத்திருப்பான், சுட்டு முடித்ததும் அவனே எடுத்துக்கொண்டு போய்விடுவான். நான் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு பின்னால் ஒரு மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன். ஸ்வர்ணாவிடமும் உண்மையைச் சொல்லிவிட்டேன். அவள் போனில் ரொம்ப நேரம் அழுதாள்.

குழப்பம் தீர்ந்துவிட்டதா என்றால் இல்லை. நாங்கள் செய்வது சரிதானா, அந்தச் சத்தத்துக்குள் அவளை அழைத்துக்கொண்டு போவது நல்லதுதானா, கவுன்சிலர் சரி என்று சொன்ன பிறகும் எனக்குத் தெரியவில்லை. ஒன்று மட்டும் செய்கிறேன். தினமும் காலையில் காபி டம்ளரை நீட்டும்போது, "இன்னிக்கு அந்த நெனப்பு இருக்காடா?" என்று கேட்கிறேன். முதல் வாரம் நாக்கு குழறியது. இப்போது சாப்பிட்டாயா என்று கேட்பது போல வந்துவிடுகிறது. "அம்மா, நேத்துதானே கேட்ட" என்று சலித்துக்கொள்வாள். நேற்று கேட்டது நேற்றைக்கு என்பேன்.

பெரும்பாலும் "நோ" என்று டக்கென்று பதில் வரும். சில நாள் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, கொஞ்சம் யோசித்துவிட்டு "நோ" என்பாள். அன்றைக்கு நான் ஆபீஸுக்குப் போவதில்லை.